ஒரு மடக்குத் தண்ணீர்

ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் நிறுத்திக்கொண்டுதான் வாசிப்பு டீச்சர் பிள்ளைக்கு எதிரே உட்காருவார். விழுங்க மாட்டார், துப்பவும் மாட்டார். கன்னம் இரண்டும் உப்பியிருக்கத் தலையை ஆட்டினால், பிள்ளை வாசிக்கத் தொடங்க வேண்டும். பக்கம் முடிந்த பிறகுதான் தண்ணீர் உள்ளே இறங்கும். அதன் பின்னால் "சபாஷ்டா தங்கம்" என்ற சொல்லும் முதுகில் ஒரு தட்டும் வரும். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பாவம், டீச்சருக்குப் பல்வலி என்று நினைத்துக்கொள்வார்கள்.

கடவுள் சிலருக்குக் கைத்திறமையைக் கொடுக்கிறார். டீச்சருக்கு வாயைக் கொடுத்திருந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் பேச்சிலேயே அவர் வீட்டுச் சமையலறை வரைக்கும் போய்த் திரும்பிவிடுவார். ஒன்றாம் வகுப்பிலும் அப்படித்தான். வாசிக்கிற பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கி நின்றால் போதும், டீச்சரே எடுத்துக் கொடுத்துவிடுவார். பிள்ளை முழிக்கிறதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வருமா என்பது அவர் கட்சி.

வாசிப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அந்த வகுப்பை ஒலிப்பதிவு செய்தாள். பிறகு டீச்சருக்கே போட்டுக் காட்டினாள். முழுக்க டீச்சர் குரல். பிள்ளைகளின் குரல் வாக்கியங்களின் வாலில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாதிக்கு மேல நீங்கதான் வாசிக்கிறீங்க டீச்சர். அவங்க உங்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்றாங்க," என்றாள் அந்தப் பெண், தயங்கித் தயங்கி. எழுத்துக்கு எழுத்து ஒலியைக் கூட்டி ஒரு சொல்லாக்கப் பிள்ளைக்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தைப் பெரியவர்கள் பிடுங்கிக்கொள்கிறோம் என்று விளக்கினாள்.

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று முதல் வாயைக் கட்டப் பாடுபட்டார். உதட்டைக் கடித்துப் பார்த்தார், வலித்ததுதான் மிச்சம். மனசுக்குள் பிரார்த்தனை சொல்லிப் பார்த்தார், ஆண்டவன் பெயருக்கு நடுவிலேயே "குதிரைடா, குதிரை" என்று வெளியே வந்துவிட்டது. கடைசியில் கண்டுபிடித்ததுதான் இந்தத் தண்ணீர். ஆராய்ச்சிப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். தான் படித்த எந்தப் புத்தகத்திலும் இப்படியொரு முறை இல்லை என்றாள். பஸ் ஓட்டுநரான டீச்சரின் கணவரோ, "நல்ல பழக்கம். வீட்லயும் ஆரம்பிச்சிடு," என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளை இப்போது டீச்சரிடம் தனித்தனியாக அனுப்புகிறார்கள். மாடிப்படிக்குக் கீழே உள்ள அறை. ஒரு பக்கம் காற்றுப் போன பந்துகள், சுருட்டி வைத்த வலை. இன்னொரு பக்கம் குட்டி மேசையும் குட்டி நாற்காலிகளும். நாற்காலியில் டீச்சர் உட்கார்ந்தால் முழங்கால் முகவாய்க்கு வந்துவிடும். மணி அடித்தால் தலைக்கு மேலே பள்ளிக்கூடமே தடதடவென்று இறங்கும். பிள்ளை அண்ணாந்து பார்த்தால், அதற்கு மட்டும் தண்ணீரை விழுங்கிவிட்டு, "யானை போகுது. நீ உன் வேலையப் பாரு," என்பார். புத்தகத்தில் படம் இருந்தால் அதன் மேல் ஒரு காகிதம் வைத்துவிடுவார். படத்தைப் பார்த்துச் சொல்லைக் குறிவைத்து அடிக்கிற கில்லாடிகளை அவருக்குத் தெரியும்.

அந்த அறைக்கு வந்தவள்தான் தையல்காரரின் பெரிய மகள். சுறுசுறுப்பான பெண், உருண்டைக் கண், எதிரில் இருப்பவரை விழுங்கிவிடுவது போன்ற பார்வை. சில வாரங்களிலேயே மளமளவென்று வாசித்தாள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. வருஷக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது, இவள் இரண்டாம் வகுப்புக்குப் போய்விடுவாள் என்று தலைமையாசிரியையிடம் தானாகவே போய்ச் சொன்னார்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை, அவசரக்காரர். சரி, என் முன்னால் வாசிக்கட்டும் என்று பெண்ணைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அதே புத்தகம், அதே பக்கம். பெண் புத்தகத்தைப் பார்த்தாள், அப்புறம் தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் சுவர் மாதிரி இருந்தது. ஒரு சொல்கூட வரவில்லை. இன்னும் ஒரு வருஷம் ஒன்றாம் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

மறுநாள் சாயங்காலமே தையல்காரர் வந்து நின்றார். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது. அடுத்த வருஷம் சின்னவளும் ஒன்றாம் வகுப்பில் சேருகிறாள், அக்காவும் தங்கையும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டி வரும். "நேத்துலேருந்து பெரியவ சாப்பிடல டீச்சர். தங்கச்சி கூட உக்காரச் சொன்னா ஸ்கூலுக்கே வரமாட்டாளாம். நானும் அவகிட்ட எத்தனையோ சொல்லிட்டேன்," என்றார். கொஞ்சம் நின்று, "சின்னது வேற சும்மா இருக்குதா? 'அக்கா, உனக்கு நான் சொல்லித் தர்றேன்'னுது. அங்கதான் சண்டையே," என்றார். சிரித்தார், ஆனால் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

பெண் பயந்துவிட்டாள் என்றுதான் டீச்சர் நினைத்தார். உண்மையைச் சொன்னது ஒரு ஈ.

மறுநாள் பெரியவள் வாசித்துக்கொண்டிருந்தாள். "மரம்" என்று சரியாகத்தான் சொன்னாள். அந்த நேரம் பார்த்து டீச்சரின் நெற்றியில் ஈ உட்கார்ந்தது, புருவத்தைத் தூக்கி அதை விரட்டினார். பெண் உடனே "மாடு" என்றாள். ஈ நகர்ந்து மறுபடி உட்கார்ந்தது, புருவம் மறுபடி ஏறியது. "மழை," என்றாள் பெண். டீச்சர் தண்ணீரை மடக்கென்று விழுங்கிவிட்டார்.

"மொதல்ல சரியாத்தானே சொன்ன? ஏன் மாத்தின?"

"உங்க புருவம் மேல போச்சே. தப்புன்னா அப்படித்தான் போகும்," என்றாள் பெண், இதுகூடத் தெரியாதா என்பது போல. கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னாள். சரியாக இருந்தால் டீச்சரின் கண் சின்னதாகும். "கிட்ட வந்துட்டேன்னா, தண்ணி இந்தக் கன்னத்துலேருந்து அந்தக் கன்னத்துக்குப் போகும்."

புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்தப் பெண் இத்தனை நாளும் வாசித்தது டீச்சரின் மூஞ்சியை. அதுவும் ஒரு எழுத்து பிசகாமல். டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெண்ணும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல். சிரித்து முடித்த பிறகு டீச்சருக்கு அழுகை வரும் போலிருந்தது. வருஷக் கடைசிக்கு நாள் அதிகம் இல்லை.

அன்று முதல் டீச்சர் பெண்ணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். முன்னால் வெறும் சுவர். பெண்ணின் வாசிப்பு நொண்டியது. ஒரு சொல் சொல்வாள், திரும்பிப் பார்ப்பாள். டீச்சர் இரண்டு தோளையும் பிடித்து மெல்ல முன்பக்கம் திருப்புவார். "உங்க மூஞ்சியக் காட்டுங்க," என்று ஒருநாள் மேசையை உதைத்தாள். "மூஞ்சி எங்கயும் ஓடிப்போகாதுடா கண்ணு. இங்கயேதான் இருக்கும். எழுத்த மட்டும் பாரு," என்றார் டீச்சர். காலையில் சாமி கும்பிடும்போது அவர் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: ஆண்டவனே, இந்தப் பிள்ளைக்கு என் மூஞ்சியைக் கொஞ்ச நாளைக்கு மறக்கடி.

ஆண்டவன் காது கேட்டதோ, சுவர் கைகொடுத்ததோ, திரும்பிப் பார்ப்பது குறைந்தது. பெண் விரலை எழுத்தின் கீழே வைத்து, உதட்டுக்குள்ளேயே ஒலிகளை ஒட்டிப் பார்த்தாள். பொருந்தாவிட்டால் தானே "ம்ஹூம்" என்று தலையை ஆட்டிக்கொண்டு அந்தச் சொல்லை மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அந்த "ம்ஹூம்" கேட்ட நாளில் டீச்சர் தலைமையாசிரியையிடம் போய் நின்றார். ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் மேடம், நீங்களே புத்தகம் கொண்டு வாருங்கள், பெண் கண்ணால்கூடப் பார்த்திராததாக இருக்கட்டும் என்றார். நாளைக்குத் தேர்ச்சி முடிவு செய்கிறோம், இன்றைக்கே வருகிறேன் என்றார் தலைமையாசிரியை.

சொன்னபடி வந்தார். குட்டி நாற்காலியில் பெண்ணுக்குப் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். டீச்சர் இருவருக்கும் பின்னால் நின்றார். ஒரு சோம்பேறி நாயின் கதை அது. பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, விரலை வைத்துத் தொடங்கினாள். முதல் வரி தட்டுத் தடுமாறிக் கரை சேர்ந்தது. இரண்டாவது வரி கொஞ்சம் வேகம். மேலே மணி அடித்து யானைகள் இறங்கின, பெண் அண்ணாந்து பார்க்கவில்லை.

"நாய்... பெரிதாக..." என்றாள். அடுத்த சொல்லில் விரல் நின்றது. "கொ..." என்றாள். நிறுத்தினாள். மறுபடி "கொ..." என்றாள். அறையே அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைமையாசிரியையும் ஒரு காலத்தில் ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்தானே. நாற்காலி கிரீச்சிட்டது, அவர் முன்னால் சாய்ந்தார், சொல் அவர் உதட்டுக்கு வந்தே விட்டது.

மேடம் வந்தால் எழுந்து நிற்பவர், மேடம் உட்காராமல் தான் உட்காராதவர், இத்தனை வருஷத்தில் ஒருநாள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர் அந்த டீச்சர். பின்னாலிருந்து கையை நீட்டித் தலைமையாசிரியையின் வாயைப் பொத்தினார்.

தலைமையாசிரியையின் கண் மட்டும் அகன்றது. பெண் இதை எதையும் பார்க்கவில்லை. "கொ... ட்... கொட்டா... ம்ஹூம்... கொட்டாவி," என்றாள். "கொட்டாவி."

டீச்சர் கையை எடுக்கவில்லை. வாக்கியத்தில் இன்னும் ஒரு சொல் பாக்கி இருந்தது.