ஜன்னலில் பதினொரு போத்தல்கள்

எனக்கு வேலை கிடைத்த செய்தியைக் கேட்டதும் முதலில் சிரித்தவள் என் மனைவி. பல்கலைக்கழகத்தில் ஆன்மீக வாழ்வு அலுவலகம், அதில் நான் உதவியாளர்.

"நீங்களா? சுபஹுத் தொழுகைக்கு எழுப்ப நான் மூணு தரம் சத்தம் போடணும். உங்களப் போய் எந்த விசரன் எடுத்த?" என்றாள்.

எனக்கும் அதே சந்தேகம்தான்.

அதற்கு முன்னால் கல்முனையில் நான் பார்த்த வேலை எல்லாமே தற்காலிகம். அந்தச் சொல்லைக் கேட்டாலே பல் கூசும். இது மட்டும்தான் நிரந்தரமாகக் கூடிய வேலை. ஆறு மாதம் தகுதிகாண் காலம், முடிவில் அலுவலகத் தலைவி அறிக்கை எழுதுவார். அவர் நல்லபடி எழுதினால் நான் மனிதன். இல்லையென்றால் மறுபடியும் ஃபோட்டோக் கொப்பிக் கடை.

தலைவி காரைதீவுக்காரர், நாங்கள் மேடம் என்போம். முதல் நாளே என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "இது பள்ளியும் இல்ல, கோயிலும் இல்ல. நாலு சமயத்துப் பிள்ளைகளும் வருவாங்க. அவங்கட கதையக் கேளுங்க. மௌலவி, பௌத்த ஹாமுதுரு, ஐயர், ஃபாதர் வாற நாள எழுதிக் குடுங்க. நூல் கட்டுறது, தண்ணி ஓதுறது ஒண்டும் இஞ்ச இல்ல. விளங்கினதா?"

"ஓம் மேடம்" என்றேன். எனக்கு நன்றாகவே விளங்கியது. ஊருக்குத்தான் விளங்கவில்லை.

என் தாடிதான் முதல் குற்றவாளி. அது பக்தியில் வளர்ந்த தாடியல்ல, சவரம் செய்யச் சோம்பலில் வளர்ந்தது. ஆனால் தாடியும் வைத்து ஆன்மீக அலுவலகத்திலும் இருந்தால் எங்கள் பக்கத்தில் கேள்வியே கிடையாது, அவர் ஓதிப் பார்க்கிறவர்தான். இரண்டாவது கிழமை வாசல் காவலாளி, பாலமுனைக்காரர், ஒரு சோடாப் போத்தலில் தண்ணீரோடு வந்து நின்றார்.

"ஹஸரத், புள்ள பயந்திருக்கான். மூணு நாளா உறக்கமில்ல. கொஞ்சம் ஓதி ஊதித் தாங்க."

நான் ஹஸரத் இல்லை. சின்ன வயதில் மதரஸாவில் ஓதியதை விட வாங்கிய அடிதான் அதிகம். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வந்து நிற்கிற மனிதனின் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்ல எங்கள் ஊர் நாக்கு வளையாது. "நாளைக்கு வாங்க, நானா" என்றேன், அண்ணன் முறை வைத்து. மெதுவாக மறந்துவிடுவார் என்ற நினைப்பு. அவரோ போத்தலை ஜன்னல் விளிம்பில் பக்குவமாக வைத்துவிட்டுப் போனார். மறுநாள் சரியாக வந்தார். அதே தண்ணீரை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. நான் செய்த மடத்தனம் அவ்வளவுதான்.

அன்றிரவு அந்தப் பிள்ளை நன்றாக உறங்கித் தொலைத்தான்.

பிறகென்ன. போத்தல்கள் வரத் தொடங்கின, ஒவ்வொன்றிலும் யாருக்கு, என்ன வருத்தம் என்று எழுதி ஒட்டிய துண்டு. கென்டீன்காரர் ஐந்து லீற்றர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நற்பிட்டிமுனையில் அவருடைய வயலில் அறக்கொட்டியான் பூச்சி விழுந்திருந்தது.

"வயலுக்கா?" என்றேன்.

"ஓம். மருந்தும் அடிச்சிரிக்கன். இதையும் தெளிச்சி உடுவம்."

சொறிக்கல்முனையிலிருந்து ஒரு மாணவி வந்தாள். பரீட்சை மண்டபத்தில் கை நடுங்குமாம். "ஐயர் வெள்ளிக்கிழமை வருவார், மகள்" என்றேன். "அவரிட்டயும் போனன் சேர். இதும் இருக்கட்டும்" என்று போத்தலை நீட்டினாள். அவளிடம் அரை மணித்தியாலம் கதை கேட்டேன், அதுதானே என் வேலை. போத்தலுக்கு மட்டும் "நாளைக்கு வாங்க" என்றேன்.

நான் ஓதவில்லை, ஊதவில்லை, மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஆனாலும் எல்லாம் சுகமானது. பூச்சி போனது. மாணவி பரீட்சை எழுதினாள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஒருவருக்காவது சரிவராமல் போகக் கூடாதா? நான் தப்பித்திருப்பேனே.

ஆறாவது மாதம் ஒரு திங்கட்கிழமை மேடம் என் அறைக்குள் வந்தார். ஜன்னலைப் பார்த்தார். விரல் நீட்டி எண்ணினார். பதினொன்று.

"நீங்க ஓதினீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப என்ன செஞ்சீங்க?"

"வெச்சிருந்தன்."

அவர் சிரித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை உங்கட அறிக்கை போகுது. அதுக்குள்ள இந்த ஜன்னல்ல ஒரு போத்தல் இருந்தாலும் நான் கையெழுத்து வைக்க மாட்டன்" என்றார்.

அன்றே மூன்று மொழியிலும் எழுதிக் கதவில் ஒட்டினேன்: 'இங்கு தண்ணீர் ஓதப்படுவதில்லை.' பதினொரு பேரையும் கூப்பிட்டு, போத்தல்களைத் திருப்பிக் கொடுத்து, உண்மையைச் சொன்னேன், எனக்கு ஓதவே தெரியாது, உங்கள் தண்ணீர் சும்மா தண்ணீர் என்று. வெட்கத்தில் காது சுட்டது. காவலாளி அறிவித்தலை ஆற அமர வாசித்தார்.

"அது பரவாயில்ல, ஹஸரத். ஓத வேணாம். அந்த ஜன்னல்ல ஒரு நாள் இரிந்தா போதும்."

நான் ஜன்னலைப் பூட்டினேன். வியாழன் காலையில் வந்து பார்த்தால் வெளிப்பக்க விளிம்பில் ஒரு போத்தல், ரோசா நிற மூடியோடு. வந்த கோபத்தில் துண்டைக்கூட வாசிக்காமல் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்து, "இத உரிய ஆளுட்டக் குடுங்க, இனி ஒண்டும் வைக்க உடாதீங்க" என்று காவலாளியின் கையில் திணித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை ஒரு மாதிரி இருந்தது.

நாலைந்து நாளாக எனக்கு ஒழுங்கான சாப்பாடில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும் மனைவி ஒரு கோப்பைத் தண்ணீரைத் தந்தாள்.

"பிஸ்மி சொல்லிக் குடிங்க."

குடித்தேன். "என்ன தண்ணி?"

"ஓதின தண்ணி."

"ஆருட்ட?"

அவள் குசினிக்குள் போனாள். பின்னால் போனேன். மேசையில் ரோசா மூடிப் போத்தல். காலையில் வாசிக்காத துண்டு அதில் இன்னும் ஒட்டியிருந்தது. அவளுடைய கையெழுத்துத்தான்: 'என்ட மனுசனுக்கு. வேல போகாம இரிக்க.'

"இது நீ காவலாளிட்டக் குடுத்து வெச்ச தண்ணி, நான் அவருட்டயே திருப்பிக் குடுத்த சும்மா தண்ணி. எனக்கு ஓதத் தெரியாதெண்டு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "மத்த ஆக்களுக்கெல்லாம் சரிவந்தே."

ஆறு மாதமாக என்னைக் கிண்டலடித்தவள் என்னை விட அதிகமாகப் பயந்திருக்கிறாள். மிச்சத் தண்ணீரையும் வாங்கிக் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை மேடம் வெறும் ஜன்னலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். வீட்டுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். மனைவி அல்ஹம்துலில்லாஹ் என்றாள். பிறகு கேட்டாள்:

"சம்பளக் கூட்டலுக்குத் தண்ணிய கேன்ல அனுப்பவா?"