அம்மா ஆற்றுப் பக்கம் போன ஆட்டம்

காவலூர் வான் ஆய்வகத்தில் சித்தப்பாவுக்குத் தொலைநோக்கிப் பராமரிப்பு வேலை. மழைக்காலத்தில் மேகம் மூடிக்கொண்டால் மதியத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆய்வகத்துக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் விட்டுப்போன புத்தகத்தைப் பார்த்து ஓர் ஆட்டத்தை எங்களுக்குப் பழக்கினார். ஆளுக்கொரு வேடம், அவர் கதை சொல்வார், ஆபத்து வந்தால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும், பெரிய எண் விழுந்தால் தப்பிக்கலாம். நான் வில்லாளி, அண்ணன் மந்திரவாதி.

மறுவருடம் அந்த விருந்தாளி ஆட்டத்தின் புதிய பதிப்பைத் தபாலில் அனுப்பியிருந்தார். பழையதில் எல்லோரும் ஒன்றாகத்தான் போக வேண்டும். புதியதில் யார் வேண்டுமானாலும் தனி வழியில் பிரியலாமாம்.

“பிரிஞ்சு போனா அது இன்னா ஆட்டம்?” என்றான் அண்ணன். நான் அந்தப் புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்றேன்.

சித்தப்பா விடவில்லை. புதிய ஆட்டத்துக்கு மூன்று வேடம் தேவைப்பட்டதால் அம்மாவையும் கூப்பிட்டார். “பழசுக்கே வூட்ல ஒரு வேல நடக்கல, இதுல புதுசு வேறயா?” என்று முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு எங்களைக் காக்கும் வீராங்கனை வேடம்.

சித்தப்பா சொன்ன கதையில் குகைக்குள் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் புதையலும் பூதமும். மறுபக்கம் ஆற்றுச் சத்தம். நாங்கள் புதையலுக்குத் திரும்பினோம்.

“நீங்க போங்க. நான் ஆத்துப் பக்கம் போறேன்,” என்றாள் அம்மா.

சித்தப்பாவே திகைத்துப்போனார். “அண்ணி, பசங்க செத்துடுவாங்க.”

“அந்த ஆறு எங்க போவுதுன்னு எனக்குப் பாக்கணும் தம்பி.”

நான் உருட்டிய பகடையில் இரண்டு விழுந்தது. பூதம் என்னை விழுங்கிவிட்டது. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. “அங்க படகு இருக்குதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்த வாடை வந்தது. அதற்கும் அவள் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் அன்றே கட்சி மாறினான். இதுதான் ஆட்டம், பழசு பள்ளிக்கூட வரிசை என்றான். மறுநாள் காலையில் அம்மாவே வாசலுக்குப் போய் மேகம் இருக்கிறதா என்று பார்த்தாள். நான் அந்தப் புதிய புத்தகத்தைப் புளிப் பானைக்கு அடியில் ஒளித்துவைத்தேன்.

சித்தப்பாவும் அண்ணனும் வீடு முழுக்கத் தேடினார்கள். தினமும் அந்தப் பானையைத் தூக்கிப் புளி எடுக்கிறவள் அம்மாதான். அன்றும் புளி எடுத்துவிட்டுப் பானையை அதே இடத்தில் திரும்ப வைத்தாள். இனி எங்களை விட்டுப் போகமாட்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பக்கத்து ஊரான ஆலங்காயத்துக்குக்கூட அவள் தனியாகப் பஸ் ஏறியதில்லை என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.