ஜீப்பில் சொன்ன பல்வலி

மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிறோம். பதினெட்டு வயது மகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போய், அடிவயிற்று வலியும் காய்ச்சலும் கண்டது. "ஒருத்தனோட பழகிட்டேம்மா" என்று அழுதாள். கர்ப்பமாக இருக்குமோ என்று பயந்தேன். எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனால் லயம் முழுக்கத் தெரிந்துவிடுமே என்று டவுனுக்கு ஜீப் ஏறினோம்.

"எங்கக்கா, மகளோட?" என்றாள் ஜீப்பில் இருந்த பக்கத்து வீட்டுக்காரி.

"பல்வலிடி."

"இதுக்கா டவுனு? கிராம்பை வச்சுக் கடி புள்ள!"

வயிற்றைப் பிடித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டினாள் என் மகள்.

டவுன் ஆஸ்பத்திரியில் பரிசோதித்ததில் கர்ப்பம் இல்லை, உடலுறவினால் தொற்றிய நோய் என்று தெரிந்தது. "மாத்திரையில சரியாயிடும், அந்தப் பையனும் சாப்பிடணும். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா கர்ப்பப்பைக்கே ஆபத்து" என்றார் அந்தப் பெண் டாக்டர்.

இப்போது மறுபரிசோதனைக்குப் போகும்போது ஜீப்பில் யார் கேட்டாலும், "பொம்பளை டாக்டரைப் பாக்க" என்றே சொல்கிறேன். போன வாரம் கிராம்பு சொன்னவளே காதோரம் கேட்டாள்: "அக்கா, எம்மவளையும் கூட்டிட்டு வரட்டா?"