சிவம் உயிரோடு பிடித்த அகழெலி

புல்தரை பராமரிக்கிறவனுக்கு வேலை கொடுப்பவர் தரைக்கு மேலே நிற்பார். வேலை வைப்பவர் தரைக்குக் கீழே இருப்பார்.

தொண்ணூறுகளில் சுவிசில் அடுத்தவரின் புல்லை வெட்டிப் பிழைத்த தோழர்களே, உங்களுக்கு அகழெலியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அறியாத பாக்கியசாலிகளுக்கு மட்டும்: கறுப்புப் பட்டுப் போன்ற உடம்பு, கூர் மூக்கு, மண்வெட்டி போன்ற கைகள். விடிவதற்குள் அழகான புல்தரையில் மண்குவியல்களை எழுப்பிவிடும்.

எங்கள் ஊர் வைத்தியம்

சோலோதுர்னில் ஒரு தோட்ட நிறுவனத்தில் நானும் சிவமும் வேலை செய்தோம். எனக்கு முழுநேரம், அவருக்கு அரைநேரம். அரைநேரச் சம்பளத்தைக் காட்டிக் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் காத்திருந்தார்கள். மகளுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டால் பிறகு சட்டம் விடாது.

அந்தக் கோடையில் ஃபிராவ் கெல்லர் என்ற அம்மாவின் புல்தரையில் அவருடைய மகனின் கல்யாண விருந்து நடக்க இருந்தது. அதற்குள் அகழெலியை ஒழித்தால் சிவத்துக்கு முழுநேர வேலை என்றார் முதலாளி. நாங்கள் மண்குவியல்களைப் பார்த்துக்கொண்டு நிற்க, ஃபிராவ் கெல்லர் வந்து, உங்கள் நாட்டில் இதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார். எங்கள் நாட்டில் இது இல்லை என்றேன். அவர் உண்மையாகவே வியந்துபோய்க் கேட்டார்: "அப்படியானால் ஏன் அங்கிருந்து வந்தீர்கள்?"

ஏறிப் போகிறது

குச்சியால் குத்திப் பார்த்துச் சுரங்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். திறந்து, இடுக்கிப் பொறியை வைத்து, புல்கட்டியால் மூட வேண்டும். மனித வாசனை ஒட்டாமலிருக்கக் கையில் மண் பூசிக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் காட்டித் தந்த முதலாளி, வேறொரு தோட்டத்தில் பொறியில் செத்த ஒன்றைத் தன் வான் வண்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். சிவம் அதன் மூக்கைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். "ஐயோ, இது மூஞ்சூறெல்லோ!"

பிள்ளையாரின் வாகனத்தைக் கொல்லமாட்டாராம். சிறு பிரசுரங்களில் படித்துத் தேறியவன் நான். கோயில் வாசல்களில் நின்று பகுத்தறிவு பேசி அடி வாங்கியவன். படித்த அத்தனையையும் மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவர் தலையில் கொட்டினேன். அவர் பாண் துண்டைக் கடித்தபடி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்கள் பிள்ளையாரை நம்பவேண்டாம், அண்ணை. அவர் ஏறிப் போறதையாவது விட்டுவையுங்கோ."

வாளி

சிவத்தின் வழி வேறு. சுரங்கத்தின் அடியைத் தோண்டி ஒரு வாளியை இறக்கினார். மேலே பலகை வைத்து வெளிச்சம் புகாமல் மூடினார். அடுத்த நாள் காலை வாளிக்குள் அது சுவரைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.

சிவம் அதைத் தன் ஜாக்கெட்டில் சுற்றி, வேலிக்கு அப்பாலிருந்த புல்வெளியில் கொண்டுபோய் விட்டார். தண்ணீரில் முங்குவது போல அது மண்ணுக்குள் போயிற்று. அவர் கைகூப்பினார். நான் சிரித்தேன். அந்தப் புல்வெளிக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. பால்மாடு வைத்திருந்த அந்த விவசாயி ரப்பர் சப்பாத்தோடு வந்து நின்றார். "இதைக் கொல்ல நான் ஆள் வைத்திருக்கிறேன். நீங்கள் கொண்டுவந்து விட்டுக் கும்பிடுகிறீர்களா?"

சமாதானப் பேச்சு

விவசாயி முதலாளிக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். போகும் வழியில் சிவம் சொன்னார், "நான் மன்னிப்புக் கேக்கிறன், அண்ணை. நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ." நானும் ஓம் என்றேன்.

ஆனால் முதலாளி சிவத்தைப் பார்த்து, எலியைக் கும்பிடுகிறவன் என்று சிரித்தார். நான் எத்தனை தடவை சிரித்திருப்பேன்; ஒரு முதலாளி சிரிக்க என்னால் பொறுக்க முடியவில்லை. தொழிலாளியின் மனச்சாட்சியை எவனும் விலைக்கு வாங்கவில்லை என்று தொடங்கினேன். சிவம் இரண்டு தடவை வாய் திறந்தார், நான் நிறுத்தவில்லை. இன்றும் அந்தப் பேச்சில் ஒரு வரியையும் மாற்றமாட்டேன். முதலாளி கடைசிவரை கேட்டார். பிறகு, என்னுடைய ஒப்பந்தம் நிரந்தரம் என்றும், சிவத்தின் வேலை மாதக் கடைசியோடு முடிகிறது என்றும் சொன்னார். "புல்தரை சுத்தம்தான். ஆனால் எனக்குத் தோட்டக்காரர்கள்தான் வேண்டும், கூட்டங்கள் வேண்டாம்."

சூரிச்சில் ஒரு சனிக்கிழமை

சிவம் லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினிக்குப் போனார். அங்கே முழுநேர வேலை கிடைக்கக் காலம் எடுத்தது. மனைவி வந்தார். மகளால் வர முடியவில்லை, வயது கடந்துவிட்டது.

சூரிச்சில் ஒரு தமிழ்க் கடையில் கணவன் மனைவி இருவரையும் பிறகு கண்டேன். மனைவி கருவாடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று தெரிந்ததும் வேறு தட்டுப் பக்கம் நகர்ந்தார். சிவம் சுகம் விசாரித்தார். நான் விசாரித்திருக்க வேண்டியது மகளை. வாயில் வந்ததோ, அன்றைக்கு நான் பேசியது நியாயம்தானே என்பது. அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். "நியாயம்தான், அண்ணை. நல்ல ஜெர்மன். எனக்கு அண்டைக்கு 'மன்னியுங்கோ' எண்டு ஒரு சொல்லுத்தான் சொல்ல இருந்தது. நீங்கள் இடம் விடேல்லை."

ஊரிலும் இங்குமாக நான் ஈடுபட்ட போராட்டங்களில் உண்மையாகவே விடுதலை பெற்ற ஒரே உயிர் அந்த அகழெலிதான், அதையும் விட்டது நானல்ல.