கழிமுகத்தில் அம்மா

நைலான் கயிறு உப்புத்தண்ணீரில் நனைந்தால் இடுப்பில் அரிக்கும். அந்த அரிப்பை இன்று நினைத்தாலும் எனக்கு அப்பாவின் மேல் எரிச்சல் வருகிறது. அச்சரப்பாக்கத்தில் உர மூட்டை ஏற்றும் மினி லாரி ஓட்டியவர் அவர். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வண்டியிலேயே எங்களைக் கூவத்தூர் வழியாகப் பாலாறு கடலில் சேரும் இடத்துக்குக் கூட்டிப்போவார். கோடையில் அங்கே மணல்மேடு குறுக்கே அடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் கடல் இரைய, இந்தப் பக்கம் ஏரி போல அலையில்லாத நீர் அகலமாக நிற்கும். ‘கழி’ என்போம். கல்பாக்கம், அணுபுரம் அணுமின் நிலைய டவுன்ஷிப்புகளிலிருந்து வரும் குடும்பங்கள் ‘டியூப்’ மாட்டிய பிள்ளைகளை அதில் இறக்கிவிட்டு நிம்மதியாகப் புளியோதரை சாப்பிடும்.

எங்களுக்கு மட்டும் அந்த நிம்மதி வாய்க்கவில்லை. அப்பா லோடு கட்டும் கயிற்றை எடுத்து என் இடுப்பில் ஒரு முடிச்சு, தம்பி முரளியின் இடுப்பில் ஒரு முடிச்சு போட்டு, மறுநுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிடுவார். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் ஒரு இழுப்பு. டவுன்ஷிப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒரு பெண் தன் அம்மாவிடம், “அந்த அங்கிள் இன்னாத்துக்கு அவங்கள கட்டி வெச்சிகினு கீறாரு?” என்று எங்கள் காதுபடவே கேட்டாள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த ஆண்டு, முரளி இடுப்பில் தோல் கன்றிப்போய் அழ ஆரம்பித்தான்.

“அவுத்து வுடுங்க” என்றாள் அம்மா.

“கடலு இன்னா உங்க வூட்டுத் தொட்டியா?”

“இது கடல் இல்லீங்க. அலையே இல்ல, பாருங்க.”

“தண்ணி தண்ணிதான். நீ சும்மா இரு.”

அம்மா சும்மா இருக்கவில்லை. எழுந்தாள், செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் நடந்தாள். முழங்கால், இடுப்பு, தோள் என்று இறங்கிக்கொண்டே போய்த் தலையும் மறைந்தது. அப்பா அலறிக்கொண்டு எழுந்தார். கையில் சுற்றிய கயிற்றை விட வேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அவர் ஓட, நானும் முரளியும் பின்னாலேயே இழுபட்டுப் போனோம். சற்றுத் தள்ளி அம்மாவின் தலை மேலே வந்தது. அவள் மல்லாந்து மிதந்தாள், வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பவளைப் போல.

அதைப் பார்த்த திகைப்பில்தான் அப்பா வழுக்கியிருக்க வேண்டும். மணல் அந்த இடத்தில் சட்டென்று சரிந்தது. அவர் விழுந்து, கையையும் காலையும் அடித்து, எங்களையும் உள்ளே இழுத்தார். என் மூக்கில் உப்பு ஏறியது. முரளியின் கை என் கழுத்தைப் பிடித்து நெரித்தது. செத்துப்போகப் போகிறோம் என்று நான் நிச்சயமாக நம்பினேன். நான்கைந்து வீச்சில் அம்மா வந்து சேர்ந்தாள். எங்கள் இருவரையும் முடியைப் பற்றித் தூக்கி ஆழமில்லாத பக்கம் தள்ளிவிட்டு, அப்பாவின் சட்டைக் காலரைப் பிடித்தாள்.

“அடிக்காதீங்க. காலை ஊணுங்க. மாரளவுதான் கீது.”

அப்பா காலை ஊன்றினார். உண்மையிலேயே மாரளவுதான்.

கரையில் இருமி முடித்ததும் அவருக்குக் கோபம் வந்தது. “நீச்சல் தெரியும்னு இத்தினி வருசத்துல ஒரு வார்த்த சொன்னியா?”

“நீங்க கேக்கல.”

அம்மா மதுராந்தகம் ஏரியை ஒட்டிய ஊரில் பிறந்தவள். எந்த மனிதனுக்கும் ஒரு சந்தேகமாவது வந்திருக்கும். அப்பாவுக்கு வரவில்லை. அவர் வண்டிக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்து, நனைந்து இறுகிப்போன எங்கள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அறுத்தார். பிறகு தண்ணீருக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். அன்று மாலைவரை அம்மா எங்களுக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்தாள். அடுத்த கோடைகளிலும் அப்படியேதான்; அவர் ஒருமுறையும் திரும்பிப் பார்த்ததில்லை, எங்களை அழைத்துப்போகாமல் இருந்ததும் இல்லை.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று அம்மாவிடம் பிறகு கேட்டேன். “சொல்லியிருந்தா நான் தண்ணியில எறங்கி எங்க முழுகிப் பூடுவேனோன்னு இங்க வர்றதையே நிறுத்தியிருப்பாரு” என்றாள். இந்த இருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

போன கோடையில் இருவரையும் காரில் அங்கே அழைத்துப்போனேன். பழைய மண்பாதையை ஏதோ விருந்தினர் விடுதியின் மதில் விழுங்கியிருந்தது. சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், கல்யாணத்துக்கு முன்பே படம் எடுக்கும் கூட்டம் ஒன்று கரையைப் பிடித்திருந்தது. “ஆன்ட்டி, ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்கோங்க” என்று கேமராக்காரன் அம்மாவை விரட்டினான். ஆற்றில் மணலும் இல்லை, தண்ணீரும் வருவதில்லை. கழி இருந்த இடத்தில் பாசி படிந்த தகடு போலக் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, அதில் பாட்டில்கள். எனக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

அம்மா யாரையும் கேட்காமல் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். மூட்டுவலியோடு மெதுவாக நடந்து, நடுவைத் தாண்டி, அக்கரை மணல்மேடு வரைக்கும் போய் நின்றாள். எந்த இடத்திலும் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் ஏறவில்லை.