மறுநாள் காலையில் சொல்லப்பட்ட நாடகம்

எண்பதுகளில் நாங்கள் பாயான் பாருவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தோம். நாங்கள் என்றால் நானும் என் கணவரும். கல்யாணமாகி எட்டு மாதம். அதற்குள் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதி, முகவரிக்கும் இடம் விட்டிருக்கலாம். கெட்டவர் இல்லை. கறியில் உப்பு கூடினாலும் சாப்பிடுவார். கூடிவிட்டது என்று சொல்லவும் மாட்டார். அதுதான் எனக்கு ஆத்திரம்.

வாரம் ஒருமுறை தொலைக்காட்சியில் தமிழ் நாடகம் வரும். சேர்ந்து தையல் கடை நடத்தும் கணவன் மனைவி கதை. எந்நேரமும் சண்டை போட்டார்கள். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

மூன்று வாரம் பார்த்திருப்பேன். நான் வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் என்னை மத்தியான ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். நாடகம் ஓடும் நேரத்தில் நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டிக்கொண்டிருப்பேன். ஆகவே அவர் பார்த்துவிட்டு, மறுநாள் காலையில் பசியாறும்போது எனக்குச் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

"என்னங்க ஆச்சு?"

"சண்ட போட்டாங்க."

"அப்புறம்?"

"முடிஞ்சிருச்சு லா."

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். நான் விடவில்லை. எதற்குச் சண்டை, யார் முதலில் ஆரம்பித்தது என்று குடைந்தேன். ஒருநாள் எரிச்சலில், "தப்பு அவ மேலதான். துணி தைக்கக் குடுக்க வந்தவங்க முன்னால புருஷன அப்படிப் பேசலாமா?" என்றார். அவருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. நான் அவள் பக்கம் பேசினேன். அவர் பஸ்ஸைத் தவறவிட்டார்.

அதிலிருந்து வாரம் தவறாமல் சண்டை. அவர் கவனமாகப் பார்த்து, பழைய கடித உறையின் பின்புறம் குறிப்பெடுத்து வைத்துச் சண்டைக்குத் தயாராக வந்தார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஒரு காலை அது எல்லை மீறியது.

"நீயும் அவளும் ஒன்னு. என்ன செஞ்சாலும் பத்தாது," என்றார்.

"அவளுக்குப் போக்கிடம் இல்ல, பொறுத்துக்கிறா. எனக்கு இருக்கு. மாசக் கடைசியில பெர்ரி ஏறி சுங்கைப்பட்டாணிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்றதா இல்ல."

வாய் தவறிச் சொன்னதல்ல. அன்றே வேலையை விடுவதற்கான கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். நான் போகிறேன் என்றதற்கு அவர் "ம்" என்றார். ஆபீசுக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் நான் கேட்காமலேயே கதை சொன்னார். புருஷன் மன்னிப்புக் கேட்டானாம். அவள் சிரித்தாளாம். இருவரும் கடையிலேயே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார்களாம். மொத்தம் ஏழு வாக்கியம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வேலையில் என் பக்கத்து நாற்காலி அக்கா முந்தின நாள் உடம்புக்கு முடியாமல் எம்சி எடுத்து வீட்டில் இருந்து நாடகம் பார்த்தவர். "பாத்தியா, பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாளே! எனக்கு அழுகையே வந்துருச்சு," என்றார். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாள் காலை கேட்டேன். "ஏன் பொய் சொன்னீங்க?"

மேசையில் இல்லாத கறையைத் தேய்த்தார். "அவ போயிட்டான்னு சொன்னா, நீயும்..."

"அந்தப் புருஷன் என்ன செஞ்சான்?"

"வாசல்லயே நின்னான். மடையன்."

"நீங்களா இருந்தா?"

"பெர்ரி ஏறுற ஜெட்டி வரைக்கும் வந்திருப்பேன். பெட்டி கனமா இருக்கும்ல."

"வந்து? பெர்ரியில ஏத்தி விட்டுட்டு வந்திருவீங்க."

"நானும் ஏறியிருப்பேன்."

"எங்கம்மா வீட்டுல உங்களுக்கு என்ன வேலை?"

கொஞ்சம் யோசித்தார். "சண்டய அங்க வச்சிக்கலாம் லா," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபத்தில் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை.

மாதக் கடைசியில் சொன்னபடியே அம்மா வீட்டுக்குப் போனேன். அவரும் வந்தார். வேலையை விடும் கடிதம் கைப்பையிலேயே கிடந்தது. இருந்த இரண்டு நாளும் அம்மா எங்களைச் சமாதானம் செய்யப் பார்த்தார். நாங்கள் இடம் கொடுக்கவில்லை.