பூதத்துக்கு யார் குனிவார்?

வாசகரே முடிவெடுக்கும் கதைப்புத்தகம் எழுதுகிறவளுக்கு ஒரு சாபம் உண்டு: பத்து முடிவு எழுதிவைத்தால் பதினோராவதைத்தான் கேட்பார்கள். எழுதியதை நீங்களே தூக்கிக்கொண்டு விற்கவும் போயிருந்தால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்கு விளங்கும்.

என் புத்தகத்தில் ஜப்பான் நாட்டார் கதைகளின் பேய் பூதங்கள் உலாவும். கப்பா என்ற ஆற்றுப் பூதம் உங்கள் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விடும். மீட்கப் போவது நீங்கள். ‘நரிப்பெண்ணை நம்பினால் 42ஆம் பகுதிக்குப் போங்கள், ஓடினால் 17க்குப் போங்கள்’ என்று தாவித் தாவி வாசிக்க வேண்டும். நான் ஜப்பானைக் கண்டதில்லை. ஆனால் வாவிக்கரையில் வளர்ந்தவளுக்கு, தண்ணீருக்குள் ஏதோ இருக்கிறது என்று நம்ப விமானச்சீட்டு தேவையில்லை.

மட்டக்களப்பு நகரில் புத்தகக்கடை வைத்திருக்கும் சிவராசா அண்ணன் மட்டுமே அதை முன்தட்டில் வைக்கச் சம்மதித்தார். அதுவும் தைப்பொங்கல் வரைக்கும். அதற்குப் பிறகு விலைபோகாதவை உள்ளறைக்குப் போகும். அங்கே போன புத்தகத்தைக் கறையானைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. என் புத்தகமும் போனால் இனி எழுதுவதில்லை என்று முடிவுகட்டியிருந்தேன். சனிக்கிழமைகளில் கடையில் போய் நின்று, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிப் பார்த்தேன்.

ஒழுங்காக வாசித்தவர்

முதலில் வாங்கியவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். தாவிப் போக வேண்டும் என்று நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். வீட்டுக்குப் போய் முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் வாசித்திருக்கிறார். மறுவாரம் கோபத்தோடு வந்து நின்றார்.

“என்ன பிள்ள கதை இது? மூண்டாம் பக்கத்தில நரி கடிச்சுச் செத்தவன், நாலாம் பக்கத்தில குந்தியிருந்து சோறு தின்னுறான்!”

பகடை வராத வீடு

காத்தான்குடியில் புடைவைக்கடை வைத்திருக்கும் ஒரு தாய் மகளுக்காக வாங்கிப் போனார். அடுத்த சனிக்கிழமையே திரும்பி வந்தார். சண்டை வரும் இடங்களில் பகடை உருட்டச் சொல்லியிருந்தேன். பகடை சூதாட்டச் சாமான், அது தன் வீட்டு வாசல் மிதிக்காது என்றார். எனக்கு முகம் தொங்கிப்போனது. ஆனால் அவர் புத்தகத்தை மேசையில் வைக்கவுமில்லை. மகள் அதைக் கேட்டு அழுகிறாளாம்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் மேசைக்குக் கீழே ஒளித்து விளையாடிய புத்தகக் கிரிக்கெட் ஞாபகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது பக்கத்தை விரிக்க வேண்டும். பக்க எண்ணின் கடைசி இலக்கம்தான் ஓட்டம். “பகடைக்குப் பதிலா இப்படிச் செய்யுங்க” என்று காட்டிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து வந்து அந்தத் தாய் புதிய முறைப்பாடு ஒன்றைச் சொன்னார்.

“இப்ப புள்ளைட வாப்பாவும் பக்கம் விரிக்கத் தொடங்கிட்டாரு. கடையத் தொறக்கச் சொன்னா, நரிய வெண்டுட்டு வாறன் எண்டுறாரு!”

வெள்ளரிக்காய்

வாசித்தவர்கள் எல்லோரும் கதையில் ஒரே இடத்தில் செத்தார்கள். கப்பாவின் உச்சந்தலையில் குழி ஒன்று உண்டு. அதில் நிற்கும் தண்ணீரில்தான் அதன் பலம். மகா மரியாதைக்காரப் பூதம் அது. நீங்கள் குனிந்து வணங்கினால் தானும் குனியும், தண்ணீர் கொட்டிவிடும். குழியையும் மரியாதையையும் சொல்லிவிட்டு, வெட்டுவதா வணங்குவதா என்ற தெரிவை வாசகரிடம் விட்டிருந்தேன். நம்மவர்கள் வெட்டினார்கள், குத்தினார்கள், அதற்குப் பிடித்த வெள்ளரிக்காயை நீட்டினார்கள். பேய்க்குத் தலை குனிய மட்டும் ஒருவருக்கும் மனம் வரவில்லை. ‘அதில எல்லாரும் சாகிறதுதான்’ என்று பேச்சுப் பரவி, விற்பனை படுத்துவிட்டது. செட்டிபாளையத்து மீனவர் ஒருவரிடம் “வணங்கிப் பார்த்தீங்களா?” என்று மெல்லக் கேட்டேன்.

“புடிச்சுக்கொண்டு போனது என்ர தம்பிய. நான் அதுக்குக் குனியிறதா? செத்தாலும் பறவாயில்ல!”

அண்ணனின் விரல்கள்

பொங்கலுக்கு முதல்நாள், மிஞ்சியதை வீட்டுக்காவது கொண்டுபோவோம் என்று பையோடு கடைக்குப் போனேன். சிவராசா அண்ணன் நிமிரவில்லை. என் புத்தகத்துக்குள் அவருடைய இரண்டு கை விரல்களும் ஆளுக்கொரு பக்கத்தில் சொருகியிருந்தன. செத்தால் திரும்பிப் போக வழி வேண்டுமே! சின்ன வயதில் நான் கதை வாசித்ததும் இப்படித்தான்.

அந்த நேரம் பார்த்து ஒரு பள்ளி அதிபர் உள்ளே வந்து வணக்கம் சொன்னார். அண்ணனுக்குக் கைகூப்ப வழியில்லை. தலையை நன்றாகத் தாழ்த்தினார். அதைக் கண்டு அதிபரும் தலையைத் தாழ்த்த, அவருடைய சட்டைப்பையில் இருந்த பேனா தரையில் விழுந்தது. அண்ணன் பேனாவையே பார்த்தார். பிறகு “ஆ!” என்று கத்திக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். அங்கே கப்பா குனிந்தது, தண்ணீர் கொட்டியது, தம்பி வீடு வந்து சேர்ந்தான். நான் அழுதுவிட்டேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

புத்தகங்களை எடுக்கப் போன என் கையை அவர் தடுத்தார். எல்லோரும் சாகிற கதை என்கிறார்களே அண்ணன் என்றேன்.

“அது முன்தட்டிலயே கிடக்கட்டும் தங்கச்சி. நான் எத்தின தரம் செத்தன் தெரியுமா? செத்தா என்ன, விரல எடுக்கல்லயே!”

இரண்டாம் புத்தகத்தைத் தொடங்கிவிட்டேன். பூதங்களைக் கூட்டியிருக்கிறேன், ஆனால் வாசகருக்கு மொத்தம் பத்து விரல்தான் என்பதை மறந்துவிடாமல்.